அச்சகத்திலிருந்து வந்த சட்டை

பட்ஜெட் அச்சாகும் வாரத்தில் அரசு அச்சகத்தின் பெரிய கதவை மூடிவிடுவார்கள். உள்ளே போனவர்கள் அமைச்சர் அதை வாசித்து முடிக்கும்வரை வெளியே வர முடியாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடிதம் கூடாது, சீட்டு கூடாது. பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. வாரத்தின் நடுவில் ஒருநாள் மட்டும் அது பாதி திறக்கும். வீட்டு ஆட்கள் துவைத்த துணியை அங்கே கொடுத்துவிட்டு அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு போகலாம். கொடுப்பதையும் வாங்குவதையும் காவலர் உதறிப் பார்ப்பார், சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்ப்பார். கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் எதுவும் பேசுவதில்லை.

அக்கா எத்தனையோ வருடமாக அந்தச் சந்தில் வந்து நிற்கிறாள். அவளுடைய கணவர் அச்சகத்தில் பைண்டர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவளோ அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். கூட வேலை செய்கிறவர்களுக்கு, நர்சுகளுக்கு, கூடப்பிறந்த தம்பிக்கு, அவளைவிட மூத்த டாக்டர்களுக்கும்கூட அவள் அக்காதான். பைண்டர் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் எப்படியுமே கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவார், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. பையை வாங்கிக் கையில் பிடித்தவுடனே அவளுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பை பந்துபோல வரும். கழற்றிய துணியைச் சுருட்டித் திணிப்பதுதான் அவர் வழக்கம். இந்தத் தடவை தட்டையாக இருந்தது. அடியில் கைவைத்தால் ஒரு புத்தகத்தைத் தாங்குவதுபோல இருந்தது. காவலர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் ஒதுங்கி நடந்தாள்.

பஸ்ஸில் பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் குடையை வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு பேர் பட்ஜெட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதம் முழுக்கவே ஊரில் வேறு பேச்சில்லை. அரசாங்கத்தின் கஜானா காலி, இனிமேல் ஓய்வூதியம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று ஒரு கட்சி. பெரிய முதலாளிகளிடம் ஒழுங்காக வரி வாங்கினால் எல்லாம் கட்டுப்படியாகும் என்று இன்னொரு கட்சி. ரேடியோவில் தினமும் நிபுணர்கள் வந்தார்கள். நிதியமைச்சர் ஒரு பேட்டியில் இரண்டு தடவை தண்ணீர் குடித்ததை வைத்து, நிச்சயம் கை வைக்கப்போகிறார் என்று ஒருவர் அரைமணி நேரம் விளக்கினார்.

அக்காவுக்கு இது ரேடியோவில் கேட்டுவிட்டு மறக்கிற விஷயமாக இல்லை. பழைய ஆட்களுக்கு மட்டும் அரசாங்கம் ஒரு வழி திறந்துவிட்டிருந்தது. இப்போதே விருப்ப ஓய்வில் போனால், குறைந்த ஓய்வூதியம்தான், ஆனால் சாகும்வரை உறுதி. போகாமல் இருந்தால் அவளுக்கு இன்னும் நான்கு வருடம் வேலை, அதன்பிறகு முழு ஓய்வூதியம், பட்ஜெட்டில் அது மிஞ்சியிருந்தால். கையெழுத்துப் போடக் கடைசி நாள் மறுநாள். பட்ஜெட் அதற்கு அடுத்த நாள். இப்படி நாள் குறித்தவன் நன்றாகச் சூதாடத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை எல்லோரும் ரசித்தார்கள்.

பைண்டர் உள்ளே போவதற்கு முன்னால் அவள் கேட்டாள். போகவா, இருக்கவா? அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, உனக்கு எது சரின்னு படுதோ செய் என்றார். அப்போது அவருக்கும் ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். பட்ஜெட்டின் ஒவ்வொரு தாளும் அவர் மேசைக்கு வந்துதான் மடிந்து புத்தகமாகிறது.

வீட்டில் சுருட்டை காத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் குடியிருப்பவள். சலவைக்கூடத்தில் உருளை இஸ்திரியில் நிற்பவள். தலைமுடிக்காக வந்த பெயர். அக்கா பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். பேண்ட், துண்டு, சட்டை. எல்லாம் மடித்திருந்தன. அதிலும் சட்டை பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அச்சான பெரிய தாளைப் பைண்டர்கள் பாரமாக மடிக்கிற மடிப்பு. இத்தனை வருடத்தில் அவர் தன் அழுக்குச் சட்டையைத் தொட்டு மடித்ததே கிடையாது.

சுருட்டை அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"அக்கா, அவரு ஏதோ சொல்றாரு."

சலவைக்கூடத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. வண்டியில் வந்து விழுகிற விரிப்பைப் பார்த்தே எந்த வார்டு, என்ன நடந்தது, பிழைத்தாரா போய்ச் சேர்ந்தாரா என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாதி சரியாக இருக்கும். சரியாக இருந்த பாதிதான் ஞாபகத்தில் நிற்கும். அக்காவுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. துணி பேசாது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

சுருட்டை சட்டையை மெதுவாகப் பிரித்தாள். பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. கழுத்துப் பொத்தான்கூட. நான்காவது பொத்தான் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு இன்னும் எத்தன வருஷம் இருக்கு?" என்று கேட்டாள், தெரிந்தே.

அக்கா அடுப்பில் கொதித்த சோற்றைக் கிளறப் போனாள்.

"நாலுதானே? நாலக் காணோம்னு சொல்றாருக்கா. போயிடு. நாளைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடு."

சுருட்டை பிற்பாடு சேர்ந்தவள். அவளுக்கு ஓய்வூதியமே கிடையாது, சம்பளத்தில் பிடித்து ஏதோ ஒரு நிதியில் போடுகிறார்கள். பழைய ஆட்கள் போனால் அந்த இடங்களை நிரப்பமாட்டார்கள், சலவைக்கூடத்தையே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்கா போடுகிற கையெழுத்தில் முதலில் போவது சுருட்டையின் வேலைதான். இதெல்லாம் தெரிந்துதான் அவள் போகச் சொன்னாள்.

அந்த நேரத்தில் தம்பி வந்தான். டயர் கடை வைத்திருப்பவன். அவன் வருவதற்கு முன்னால் ரப்பர் வாசனை வரும். ஆஸ்பத்திரியின் ஆம்புலன்சுகளுக்கு அவன் கடையில்தான் டயர் மாற்றுவார்கள். கட்டிலில் சட்டை விரித்திருப்பதையும் இரண்டு பெண்கள் அதை வெறித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான்.

"என்ன, மாமா உள்ளேருந்து ஜோசியம் எழுதி அனுப்பிட்டாரா?"

சுருட்டை விஷயத்தைச் சொன்னாள். அவன் கைகளைப் பேண்டில் துடைத்துவிட்டு, டயரில் ஓட்டை தேடுவதுபோல சட்டையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தான். காலரில் பசை காய்ந்து ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தது அவன்தான். கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் என்றான். அக்கா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் சட்டையைக் கீழே வைக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கமான சண்டை தொடங்கியது. பட்ஜெட் வாரத்தில் அவர்களுக்குள் அது வருடா வருடம் நடக்கும். கடைவாடகை, மின்சாரம், வரி என்று தம்பி ஒவ்வொன்றாக விரல் மடக்கினான்.

"ஒரு டயர் வித்தா, நான் டீ குடிக்கிறதுக்கு முன்னாடி அரசாங்கம் கைய நீட்டுது. அந்தக் காசுலதான் உங்களுக்கெல்லாம் பென்ஷன். எனக்கு வயசானா எவன் தருவான்?"

"உனக்கும் குடுங்கன்னு கேளு. நானும் கூட வந்து நிக்கிறேன். எனக்குக் குடுக்காதீங்கன்னு எதுக்குடா கேக்குற?"

"கேட்டாத் தந்துருவாங்களா?"

"கேட்டுப் பாத்தியா?"

தம்பி முட்டையை உரிப்பதில் மிகவும் கவனமானான். ஓட்டின் கடைசித் துணுக்கு போனபிறகுதான் வாயைத் திறந்தான். ஊருக்கு அவன் அப்படித்தான் பேசுவான், இனியும் பேசுவான். அக்கா விஷயம் வேறு. கிடைப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். மாமா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சேதி அனுப்பியிருக்கிறார், அதை வீணாக்கக் கூடாது. சொல்லிவிட்டுக் கை கழுவினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சுருட்டையும் பின்கட்டுக்குப் போனாள்.

அக்கா ஜன்னலோரம் சட்டையோடு உட்கார்ந்தாள். தூறல் நின்று வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை. பேசாத மனுஷன், அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வழி தேடியிருக்கிறார். காவலரின் கண் எதிரிலேயே அந்த வார்த்தையை அவள் கைக்கு வரவைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவள் எதிர்பார்த்தது இதைத்தான். அப்போதெல்லாம் அவர் மௌனத்தைத் துருவித் துருவிக் கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே ஒரு பேச்சாகிவிட்டது.

ஆனால் சந்தோஷத்துக்குப் பின்னால் வேறொன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. இது சேதி என்றால், இத்தனை வருடமாக வாயைத் திறக்காமல் அவர் காப்பாற்றிய ஒன்றை அவளுக்காக உடைத்துவிட்டார். வெளியே தெரிந்தால் அவருடைய வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். சேதி இல்லை என்றால், ஒரு மடிப்பையும் ஒரு நூலையும் பார்த்து அவள் தன் வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாள். எப்படிப் பார்த்தாலும் சட்டை கைகாட்டும் திசையில் நடப்பது சரியில்லை.

அப்படியென்றால் சட்டையை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். ஒதுக்கி வைத்தபின் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். முழங்கால் வலி இருந்தது. பெரிய தொட்டியின் ஆவி இருந்தது. காலையில் முதல் வண்டி வரும்போது கூடத்தில் எழும் சத்தம் இருந்தது. அவள் சொன்னால் இயந்திரம் நிற்கும், அவள் சொன்னால் ஓடும். உலர்ந்த விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து உதறும்போது கிளம்பும் அந்தச் சூடான காற்று. போக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பயப்பட வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதால் பயந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

விளக்கைப் போட்டாள். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள்.

காலையில் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழையும்போதே ஏதோ நடந்திருப்பது தெரிந்தது. அலுவலகத்தின் முன்னால் வரிசை. சமையலறையிலிருந்து, தோட்டத்திலிருந்து, பிணவறையிலிருந்துகூடப் பழைய ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். போன வாரம் சங்கக் கூட்டத்தில் ஒருவரும் போகமாட்டோம் என்று கை தூக்கியவர்கள். அக்காவைப் பார்த்ததும் வரிசை லேசாக அசைந்தது. ஒருத்தி அவள் கையைப் பிடித்து, நீங்க நல்லாயிருக்கணும் என்றாள்.

சங்கச் செயலாளர் ஓடிவந்து அவளைச் சலவைக்கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். ஒல்லியான மனிதர். மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோலப் பேசுவார். அன்று குசுகுசுத்தார். நேற்று மாலை டயர் கடையில் அவள் தம்பி ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் வாயைவிட்டிருக்கிறான். டிரைவர் இரவுப் பணியில் எல்லா வார்டுக்கும் போயிருக்கிறான். அச்சகத்திலிருந்து சட்டை வந்திருக்கிறது, பென்ஷன் போகப்போகிறது, பைண்டரே சொல்லிவிட்டார்.

"இவங்க போனா சங்கமே இல்ல, அக்கா. அது ஒருபக்கம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இது மேலிடத்துக்குப் போச்சுன்னா, நாளைக்கு அவரு அந்தக் கதவுலேருந்து வேற எடத்துக்குத்தான் போவாரு. அந்தச் சட்டைய எரிச்சுடுங்க."

"எதுக்கு எரிக்கணும்?"

"அது எங்க இருக்கு இப்ப?"

"போட்டிருக்கேன்."

செயலாளர் அப்போதுதான் பார்த்தார். சலவைக்கூடத்துப் பெண்கள் வேலைக்கு இறங்கும்போது புடவைமேல் ஒரு பழைய ஆண் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். தண்ணீரும் சலவைக்காரமும் படாமல் இருக்க. அக்கா அன்று வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலரில் பசை. கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். நான்காவது பொத்தான் இடத்தில் ஒரு ஊக்கு.

முதல் வண்டியை அவளே தள்ளினாள். தொட்டிக்குள் விரிப்புகளை இறக்கி, காரத்தூளைப் போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டாள். அது ஒருசீராக ஓடும்வரை நின்று பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு வெளியே வந்து வரிசையின் எதிரில் நின்றாள். செயலாளர், அவள் தன்னை ஏதாவது பேசச் சொல்வாள் என்று பயந்ததுபோல் ஒதுங்கி நின்றார்.

"எல்லாரும் சட்டையப் பாக்கணும்னுதானே வந்திருக்கீங்க. இதான். நல்லாப் பாத்துக்குங்க."

சமையலறைக்காரர் மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிஜமாகவே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு உள்ளேருந்து ஒண்ணும் சொல்லல. வீட்ல இருக்கும்போதே அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, உள்ள போயா சொல்லப் போறாரு?"

வரிசையில் சிரிப்பு ஓடியது.

"மடிச்சு வந்துச்சு. ஒரு பொத்தானக் காணோம். நானும் என் தம்பியும் சுருட்டையும் உக்காந்து அதுக்கு அர்த்தம் கண்டுபுடிச்சோம். ரேடியோவுல பேசுறவங்க மாதிரி. தப்பு எங்க மேலதான், அவரு மேல இல்ல. போறவங்க போங்க, முட்டி வலிக்குது, வீட்ல கஷ்டம், எதுவா இருந்தாலும் உங்க இஷ்டம். சட்டையப் பாத்துட்டுப் போகாதீங்க. நான் போகல. வேல இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். சுருட்டை உருளையின் பக்கத்தில் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆவியினால் என்று வைத்துக்கொள்ளலாம். அக்கா மறுமுனையைப் பிடித்தாள். உதறினார்கள்.

வரிசை ஒரேயடியாகக் கலைந்துவிடவில்லை. சிலர் நின்று யோசித்தார்கள். தோட்டக்காரர் கையெழுத்துப் போட்டார், அவருக்கு உண்மையாகவே முடியவில்லை. இன்னும் ஒரு சிலரும் போட்டார்கள். மற்றவர்கள் மணியடிப்பதற்குள் அவரவர் இடத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் தம்பி வந்து சலவைக்கூடத்தின் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அக்கா பார்த்தும் பார்க்காததுபோல வேலை செய்தாள். கடைசியில், நிக்கிறதுதான் நிக்கிற, அந்தக் கூடையத் தூக்கி இப்படி வை என்றாள். அவன் சாயங்காலம்வரை கூடை தூக்கினான். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

அடுத்த நாள் பட்ஜெட் வாசித்தார்கள். சலவைக்கூடத்தில் ரேடியோ வைத்திருந்தார்கள். ஆனால் இயந்திரச் சத்தத்தில் அமைச்சர் பேசியதில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியில் டயருக்கு வரி ஏறியிருந்தது.

மாலையில் பைண்டர் வீட்டுக்கு வந்தார். அடைத்துவைத்த இடத்தின் மணத்தோடு. குளித்தார். சாப்பிட்டார். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டை துவைத்து, காய்ந்து, நாற்காலியில் கிடந்தது.

"பென்ஷன் என்ன ஆச்சு? எங்க கூடத்துல சரியாக் கேக்கல."

"ஒரு குழு போடறாங்க. எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டு, அடுத்த வருஷம் முடிவு."

"அவ்ளோதானா?"

"ஒரு பத்தி. என் மேசையிலதான் மடிஞ்சுது."

ஊரே பயந்தது, நிபுணர்கள் விளக்கியது, வரிசையில் நின்றது எல்லாம் அந்த ஒரு பத்தியின் முன்னால் வந்து நின்றன.

"கருத்துக் கேப்பாங்கன்னா எங்ககிட்டயும் கேப்பாங்களா?"

"போய் உக்காந்தாக் கேப்பாங்க."

"தம்பியையும் கூட்டிட்டுப் போறேன். அவனும் கேக்கட்டும் அவனுக்கு."

பைண்டர் தலையாட்டினார். அவள் ஓய்வில் போனாளா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. வாசலில் மாட்டியிருந்த அவள் வேலைக்கு எடுத்துப் போகும் பையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

அக்கா சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இத எதுக்கு அப்படி மடிச்சு அனுப்புனீங்க?"

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இந்த வருடம் காவலர் புதிது. சுருட்டிக் கொடுத்தால் பிரித்துப் பார்க்க நேரமாகிறதாம், மடித்திருந்தால் தடவிப் பார்த்தே அனுப்பிவிடலாமாம். எல்லோரும் பொத்தானைப் போட்டு மடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்த அத்தனை பேரும் மடித்துத்தான் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு அந்தச் சந்து ஞாபகம் வந்தது. தன்னோடு நின்ற பெண்கள் எல்லோர் கையிலும் பை தட்டையாகத்தான் இருந்திருக்கும். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அவள் தன் பையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நாலாவது பொத்தான்?"

பைண்டர் தொண்டையைச் செருமினார்.

"அது நான் உள்ள போறதுக்கு முன்னாடியே இல்ல. தெச்சுத் தர்றேன்னு சொன்ன."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே வராமல். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தையல் டப்பாவை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தார்.

அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.